பிரவுன், லிட்டில், லஃபாரோ, டால்ஃபி: சீக்கிரம் போன ஜாஸ் ஆளுங்கள "போதை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடாதீங்க

ராத்திரி_ட்ரம்பெட்

ஜாஸ்ல இளம் வயசுல இறந்தவங்களப் பத்தி எங்க பேச்சு எடுத்தாலும் ரெண்டாவது வரியிலயே ஹெராயின் வந்துடுது, குடி வந்துடுது, அந்த வேதனைதான் அந்த இசைன்னு ஒரு முடிவுரையும் வந்துடுது. ரொம்ப நாளா உறுத்திட்டிருக்கு, அதான் இழை ஆரம்பிக்கிறேன். நான் ட்ரம்பெட் கேக்கற ஆளு, அதனால ட்ரம்பெட்காரங்கள வச்சே சொல்றேன்.

ஃபேட்ஸ் நவாரோ, 1950 ஜூலை, வயசு 26. கிளிஃபர்ட் பிரவுன், 1956 ஜூன், 25. புக்கர் லிட்டில், 1961 அக்டோபர், 23. லீ மோர்கன், 1972 பிப்ரவரி, 33. நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே வழியில வந்தவங்க. நவாரோவோட அந்த உருண்டையான டோன கேட்டுத்தான் பிரவுன் தன் வாசிப்ப கட்டுனாரு. மோர்கன் பிலடெல்ஃபியா பையன், சின்ன வயசுல பிரவுன்கிட்ட பாடமே எடுத்துகிட்டவரு. லிட்டில் 1958ல ட்ரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச் பேண்டுக்கு வந்தாரு, பிரவுன் இருந்த அதே பேண்டு.

நவாரோவுக்கு டிபி, கூட ஹெராயின். பிரவுனுக்கு மழையில ரோடு. லிட்டிலுக்கு கிட்னி. மோர்கனுக்கு துப்பாக்கி. இத எப்படிங்க ஒரே கதையில அடைக்கறது?

பிரவுன் விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. டெலவேர் மாநிலத்துல வில்மிங்டன்ல பிறந்தவரு, காலேஜ்ல கணக்கு படிக்கப் போனவரு, போதைப் பொருள் பக்கமே போகாதவரு. 1950லயே ஒரு கார் ஆக்சிடென்ட், கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆஸ்பத்திரி, ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி நேர்ல வந்து பாத்து விட்டுடாத வாசின்னு தைரியம் சொல்லிட்டுப் போயிருக்காரு. எழுந்து வந்து 1954ல மேக்ஸ் ரோச்சோட சேந்து பேண்டு போட்டாரு, அடுத்த ரெண்டு வருஷத்துல அந்த பேண்டு பண்ணினது இன்னிக்கு வரைக்கும் ட்ரம்பெட் கத்துக்கற பசங்களுக்கு பாடம். 1956 ஜூன் 26 ராத்திரி, சிகாகோ கச்சேரிக்குப் போற வழி, பென்சில்வேனியா டர்ன்பைக், மழை. கார்ல பிரவுன், பியானோ வாசிக்கற ரிச்சி பவல், வண்டி ஓட்டினது ரிச்சியோட மனைவி நான்சி. மூணு பேருமே போயிட்டாங்க. ரோச்சும் சாக்ஸ் வாசிக்கற சன்னி ராலின்ஸும் வேற வண்டியில போனாங்க, அதனால தப்பிச்சாங்க. அன்னிக்கு பிரவுனோட ரெண்டாவது கல்யாண நாள், அவர் மனைவி லாருவுக்கு பிறந்த நாளும் அதுதான்.

இதுல எந்த வேதனை எந்த இசைய உண்டாக்குச்சு? ஒண்ணுமில்ல. ரோடு போட்ட கணக்கு அது, அவ்ளோதான்.

கோவை_கிட்டார்

நல்ல இழை சார். கிட்டார் பக்கத்துலேருந்து ஒண்ணு சேக்கறேன். சார்லி கிறிஸ்டியன். 1939ல பென்னி குட்மன் பேண்டுல சேந்தாரு, 1942 மார்ச் 2ல டிபியில இறந்தாரு, 25 வயசு. நடுவுல மூணு வருஷம் கூட முழுசா இல்ல. அதுக்கு முன்னாடி பெரிய பேண்டுல கிட்டார்னா பெரும்பாலும் பின்னாடி உக்காந்து தாளத்துக்கு கார்டு (பல ஸ்வரம் சேந்த கட்டு) போடற வேலை, இவர் எலக்ட்ரிக் கிட்டார எடுத்து சாக்ஸபோன் மாதிரி நீள நீளமா ஒத்தை ஸ்வரத்துல சோலோ வாசிச்சாரு, இன்னிக்கு ராக் ப்ளூஸ்னு எந்தப் பக்கம் கிட்டார் சோலோ கேட்டாலும் அதுக்கு மேல எங்கயோ இவர் இருக்காரு. ராத்திரி குட்மன் வேலை முடிஞ்சதும் நியூயார்க் ஹார்லெம்ல மின்டன்ஸ்ங்கற கிளப்புக்குப் போய் விடியற வரைக்கும் வாசிப்பாராம், 1941ல அங்க ஒருத்தர் மெஷின் வச்சு பதிவு பண்ணினது இன்னும் கிடைக்குது. பீபாப், அதாவது 40கள்ல வந்த வேகமான புது ஜாஸ் பாணி, பிறக்கறத்துக்கு முன்னாடி அதோட சத்தம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அத விட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

அடிநாதம்

கிறிஸ்டியன சொன்னா டபுள் பேஸ் வாசிச்ச ஜிம்மி பிளான்டன விட முடியாது. அதே 1942, ஜூலை 30, அதே டிபி, வயசு 23. அஞ்சே மாச இடைவெளில ரெண்டு வாத்தியத்தோட போக்கையே மாத்தின ரெண்டு பேர ஒரே வியாதி கொண்டுபோச்சு. பேண்டு தலைவர் டியூக் எலிங்டன் 1939ல செயின்ட் லூயிஸ்ல இந்தப் பையன கேட்டுட்டு உடனே பேண்டுல சேத்துகிட்டாரு. அதுக்கப்புறம் வந்த 1940 ரெக்கார்டிங்க கேளுங்க, 'ஜாக் தி பேர்' ஒண்ணு போதும், அந்தக் காலத்து மைக்லயும் டபுள் பேஸ் முன்னாடி வந்து நிக்கும். அதுவரைக்கும் பேஸ்காரர் வேலை பீட்ட தாங்கறது. பிளான்டன் மெலடி வாசிச்சாரு.

அடுத்து ஸ்காட் லஃபாரோ. இவரப் பத்தி எழுத உக்காந்தா நிறுத்த முடியாது, மன்னிச்சுக்கங்க, நீளமா போகும்.

1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டு. பில் எவன்ஸ் பியானோ, பால் மோஷியன் ட்ரம்ஸ், லஃபாரோ பேஸ். மத்தியானம் ரெண்டு செட்டு, ராத்திரி மூணு செட்டு, அஞ்சும் பதிவாச்சு. கிளாஸ் உரசற சத்தம், பேச்சு, சிரிப்பு, எல்லாம் கேக்கும். நடுவுல மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பேச விட்டு வாசிக்கறாங்க, பியானோ முன்னாடி பேஸ் பின்னாடிங்கற வரிசையே அங்க கிடையாது, எவன்ஸ் ஒரு வரிய பாதில விடுவாரு லஃபாரோ அத முடிப்பாரு, சில சமயம் முடிக்காம வேற பக்கம் திருப்பி விடுவாரு. 'குளோரியாஸ் ஸ்டெப்', 'ஜேட் விஷன்ஸ்' ரெண்டும் லஃபாரோ எழுதினது. ரெண்டாவத நல்ல ஹெட்ஃபோன்ல மட்டும் கேளுங்க.

அதுக்கு 11 நாள் கழிச்சு, ஜூலை 6, நியூயார்க் மாநிலத்துல ஒரு ஊர்ப்புற ரோட்ல ராத்திரி கார் மரத்துல மோதிடுச்சு. 25 வயசு. எவன்ஸ் அதுக்கப்புறம் மாசக்கணக்குல மேடையேறல. லஃபாரோவோட அந்த டபுள் பேஸ் 1825ல செஞ்சது, ஆக்சிடென்ட்ல ரொம்ப சேதம், அப்புறம் அத பழுது பாத்து எடுத்துட்டாங்க.

இன்னொரு விஷயம் ராத்திரி_ட்ரம்பெட் சாருக்கு. 1960ல புக்கர் லிட்டில் தன் பேர்லயே போட்ட குவார்டெட் ஆல்பத்துல பேஸ் யாரு தெரியுமா? லஃபாரோதான். அடுத்த வருஷம் ஜூலைல ஒருத்தர், அக்டோபர்ல இன்னொருத்தர்.

சாம்பல்

எல்லாம் சரி, ஆனா ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க. போதைய பேசாம விட்டுட்டா அதுவும் உண்மையில்ல. 40கள் 50கள்ல நியூயார்க் ஜாஸ் வட்டத்துல ஹெராயின் புகுந்து விளையாடுச்சு. நவாரோ கடைசில உடம்பு இளைச்சு உருத்தெரியாம போயிருந்தாரு, டிபி தனியா அத பண்ணல. பியானோகாரர் சன்னி கிளார்க் 1963 ஜனவரில 31 வயசுல போனாரு, 'கூல் ஸ்ட்ரட்டின்' மாதிரி ஒரு ஆல்பம் பண்ணினவரு. சாக்ஸ் மேதை சார்லி பார்க்கர் 1955 மார்ச் 12ல இறந்தப்ப அவருக்கு 34, உடம்ப பாத்த டாக்டர் 50லேருந்து 60க்குள்ளன்னு வயசு போட்டாரு. அவர மாதிரி வாசிக்கணும்னா அவர மாதிரி ஊசி போடணும்னு நம்பி எத்தன பசங்க நாசமாயிருக்காங்க. பார்க்கரே அது தப்புன்னு சொல்லியும் கேக்கல. இத மறைச்சா அடுத்து வர்றவனுக்கு நாம துரோகம் பண்றோம்.

ராத்திரி_ட்ரம்பெட்

சாம்பல், மறைக்கச் சொல்லவே இல்ல. என் சண்டை வேற. ஹெராயின்னு சொன்ன உடனே மத்த கேள்வி எல்லாம் நின்னுடுது, அதான் பிரச்சனை. அந்த ஊர்ல அப்ப என்ன சட்டம் இருந்துச்சு? 1940லேருந்து 1967 வரைக்கும் நியூயார்க்ல மது விக்கற கிளப்ல வாசிக்கணும்னா போலீஸ் குடுக்கற கேபரே கார்டு வேணும், கைரேகை வச்சு வாங்கணும். ஒரு கேஸ் விழுந்தா கார்ட பிடுங்கிடுவாங்க. பாடகி பில்லி ஹாலிடே 1947ல இழந்தாங்க, செத்துப்போற வரைக்கும் திரும்ப கிடைக்கல. 1959ல ஆஸ்பத்திரி படுக்கையில கிடக்கும்போதே அவங்கள அரெஸ்ட் பண்ணி ரூம் வாசல்ல போலீஸ் நிறுத்தினாங்க. பியானோகாரர் தெலோனியஸ் மாங்க் 1951ல கார்ட இழந்து ஆறு வருஷம் சொந்த ஊர் கிளப்ல வாசிக்க முடியாம உக்காந்திருந்தாரு. வைத்தியம் பாக்க வேண்டிய ஆளுக்கு வேலைய பறிச்சா அவன் எங்க போவான்? நிலையா உள்ளூர்ல சம்பாதிக்க வழியில்லன்னா ராத்திரி ராத்திரியா கார்ல அடுத்த ஊருக்குத்தான் ஓடணும். ரோட்டு சாவும் போதை சாவும் தனித்தனி இல்லன்னு எனக்குத் தோணறது இதனாலதான்.

அப்புறம் பிரவுன் விஷயத்துல இன்னொண்ணு இருக்கு. சன்னி ராலின்ஸ் கென்டக்கில லெக்சிங்டன் மத்திய ஆஸ்பத்திரிக்குப் போய் பழக்கத்த விட்டுட்டு, சிகாகோவுல கூலி வேலை பாத்துட்டு, பயந்துகிட்டேதான் மேடைக்குத் திரும்பறாரு. 1955 கடைசில பிரவுன் ரோச் பேண்டுல சேர்றாரு. சுத்தமா இருந்துகிட்டே இவ்ளோ உச்சத்துல வாசிக்க முடியும்ங்கறத பக்கத்துல நின்னு பிரவுன்கிட்ட பாத்தேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. அப்புறம் 90 வயசு தாண்டி வாழ்ந்தாரு. பிரவுன் கூட இருந்தது ஏழெட்டு மாசம், அதுக்குள்ள ஒரு ஆளோட ஆயுசுக்கே வழி காட்டிட்டுப் போயிருக்காரு.

மாத்திரைச்சீட்டு

நான் மருந்து சம்பந்தப்பட்ட வேலை, ஜாஸ் கொஞ்சம்தான் தெரியும். ஆனா நீங்க போட்ட வருஷங்களப் பாத்ததும் மனசு அடிச்சுகிச்சு, அதான் எழுதறேன்.

கிறிஸ்டியனும் பிளான்டனும் இறந்தது 1942. டிபிக்கு முதல் சரியான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், அத கண்டுபிடிச்சது 1943ல. அதுக்கு முன்னாடி டிபின்னா சானடோரியத்துல படுக்க வச்சு, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, மிச்சம் விதி.

புக்கர் லிட்டிலுக்கு யூரீமியா, அதாவது கிட்னி வேலை செய்யாம கழிவு ரத்தத்துலயே தங்கிடறது. டயாலிசிஸ் மெஷின் அப்ப இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ரத்தக்குழாய வெட்டித்தான் இணைக்கணும், அதனால சில தடவைக்கு மேல முடியாது. திரும்பத் திரும்ப பண்ற மாதிரி கையிலயே ஒரு டெஃப்லான் குழாய நிரந்தரமா வைக்கற வழிய சியாட்டில்ல ஸ்கிரிப்னர்ங்கற டாக்டர் 1960ல கொண்டுவந்தாரு. அதுக்குன்னே ஒரு சென்டர் அங்க திறந்தது 1962 ஜனவரி. லிட்டில் இறந்தது 1961 அக்டோபர். அந்த சென்டர்லயும் ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் இடம், அதனால இருந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு சொல்ல வரல. ஆனாலும் மூணு மாசம்.

எரிக் டால்ஃபிக்கு சர்க்கரை வியாதி கோமான்னு படிச்சிருக்கேன். அது 1964. இன்சுலின் வந்தது 1922. இத எப்படி ஏத்துக்கறதுன்னு தெரியல. யாராவது விவரம் சொல்லுங்க.

ரெக்கார்டு_ரேக்

டால்ஃபி என் ஆளு, நான் சொல்றேன்.

லாஸ் ஏஞ்சலஸ்காரர். ஆல்டோ சாக்ஸ், ஃப்ளூட், பேஸ் கிளாரினெட் மூணும். பேஸ் கிளாரினெட்ட ஜாஸ்ல முன்வரிசை சோலோ வாத்தியமா நிறுத்தினது இவர்தான். பெத்தவங்க வீட்டுப் பின்பக்கம் இவருக்குன்னு ஒரு ஸ்டுடியோவே கட்டிக் குடுத்தாங்க, 1954ல கிளிஃபர்ட் பிரவுன் அங்க வந்து இவரோட வாசிச்ச டேப் கூட வெளிவந்திருக்கு. சத்தம் சுமாராத்தான் இருக்கும், ஆனா கேளுங்க.

குடி கிடையாது, ஊசி கிடையாது, எந்நேரமும் ப்ராக்டிஸ். காலைல குருவி கத்தறதுக்கு ஃப்ளூட்ல பதில் சொல்ற ஆளு. 1961 ஜூலை 16, ஃபைவ் ஸ்பாட் கிளப்ல இவரும் புக்கர் லிட்டிலும் சேந்து வாசிச்ச ராத்திரி இருக்கே, மால் வால்ட்ரன் பியானோ, ரிச்சர்ட் டேவிஸ் பேஸ், எட் பிளாக்வெல் ட்ரம்ஸ், அந்த பியானோ சுருதி கூட சரியா இல்ல, அப்படியும் அது வேற உலகம். லஃபாரோ போய் பத்தே நாள் ஆயிருந்துச்சு, லிட்டிலுக்கு மூணு மாசம்கூட மிச்சமில்ல. டால்ஃபி தாவித் தாவிப் போவாரு, லிட்டில் ஒரு சோகமான குரல்ல தாங்கிப் பிடிப்பாரு. அந்த ஜோடி இன்னும் அஞ்சு வருஷம் இருந்திருந்தா ஜாஸ் எந்தப் பக்கம் போயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

1964 பிப்ரவரி 25, 'அவுட் டு லன்ச்' ரெக்கார்டிங். ஏப்ரல்ல சார்லஸ் மிங்கஸோட ஐரோப்பா டூர், அது முடிஞ்சு அங்கயே தங்கிடறேன்னாரு. பாரிஸ்ல நிச்சயம் பண்ணின பொண்ணு, கல்யாண ஏற்பாடு. ஜூன் 2 ஹாலந்துல ஒரு ரேடியோ கச்சேரி, அதோட கடைசில அவர் குரலே இருக்கு, இசை முடிஞ்சா அது காத்துல போயிடுது, திரும்ப பிடிக்க முடியாதுன்னு சொல்றாரு. ஜூன் கடைசில பெர்லின் போனாரு, மேடையில முடியாம போச்சு, 29ம் தேதி இறந்துட்டாரு. 36 வயசு முடிஞ்சு ஒம்பது நாள். தனக்கு சர்க்கரை இருக்குன்னு அவருக்கே தெரியாது.

அங்க ஆஸ்பத்திரில கறுப்பு ஜாஸ்காரன்னா போதையாத்தான் இருக்கும்னு நினைச்சு அப்படியே படுக்க விட்டுட்டாங்கன்னு கூட வாசிச்ச டெட் கர்சன் பின்னாடி சொல்லியிருக்காரு. வேற மாதிரி சொல்றவங்களும் உண்டு, அதனால அத தீர்ப்பா எழுத மாட்டேன். ஆனா அந்தக் கதை உண்மையா இருக்கலாம்னு அவர தெரிஞ்ச எல்லாருக்கும் தோணுச்சு பாருங்க. நீங்க இழை ஆரம்பிச்ச காரணமே அதுதானே சார்.

சாம்பல்

டால்ஃபி பத்தி படிச்சப்புறம் ராத்திரி_ட்ரம்பெட் சொல்றது நல்லா உறைக்குது. நான் சொன்னத விடல, ஆனா ரெண்டையும் சேத்துதான் பேசணும். லீ மோர்கன் அதுக்கு சரியான ஆளு, அவர இங்க யாருமே விரிவா எழுதல. ஹெராயின்ல ட்ரம்பெட்டையே அடகு வச்ச நிலைமை. ஹெலன்ங்கற பெண்மணிதான் அவர தூக்கி நிறுத்தினாங்க, சாப்பாடு போட்டு, சிகிச்சைக்கு அனுப்பி, கச்சேரி பிடிச்சுக் குடுத்து, மேனேஜர் மாதிரி எல்லாமே. 1972 பிப்ரவரி, நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜ், ஸ்லக்ஸ் கிளப். செட்டுக்கு நடுவுல தகராறு, அதே ஹெலன் கையில துப்பாக்கி. வெளில பனி, ஆம்புலன்ஸ் வர லேட்டாச்சு, ரத்தம் போயே இறந்தாரு. போதைலேருந்து மீண்டு வந்தவரு இவரு, அதுக்கப்புறம்தான் இது நடந்துச்சு. நடந்ததுக்கு அந்தம்மாவ மட்டும் வில்லியா வச்சு எழுதறதும் எனக்கு ஒப்பல, அவங்க இல்லன்னா அந்தக் கடைசி அஞ்சாறு வருஷ மோர்கனே நமக்கு கிடைச்சிருக்க மாட்டாரு.

தாமரை_வரி

இழை முழுக்க படிச்சேன், கண்ணு கலங்கிடுச்சு. ஒரு சந்தேகம். பிரவுன் இறந்த அன்னிக்கு ராத்திரி பிலடெல்ஃபியாவுல வாசிச்ச கடைசி கச்சேரின்னு ஒரு ரெக்கார்டிங் கேட்டிருக்கேன், 'எ நைட் இன் டுனிசியா' இருக்குமே, அத கேக்கும்போதெல்லாம் இன்னும் சில மணி நேரம்தான்னு நினைச்சு நினைச்சு என்னால ரசிக்கவே முடியல. அது நிஜமா கடைசி ராத்திரிதானா? அப்புறம் எனக்கு ஜாஸ் புதுசு, பிரவுன எங்க ஆரம்பிக்கறது?

ராத்திரி_ட்ரம்பெட்

தாமரைம்மா, உங்களுக்கு நல்ல சேதி. அது 1973ல 'தி பிகினிங் அண்ட் தி எண்ட்'னு வந்த ஆல்பத்துல கடைசி ராத்திரின்னு போட்டுத்தான் வெளியிட்டாங்க, எல்லாரும் அப்படியே நம்பிட்டோம். அப்புறம் ஆராய்ச்சி பண்ணினவங்க அது 1955 மே 31ல பதிவானதுன்னு சொல்லிட்டாங்க, அதாவது ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி. சாவுக்கு சில மணி நேரம் முன்னாடின்னு எழுதினதும் அந்த வாசிப்புல என்னென்னமோ முன்னறிவிப்பெல்லாம் ஜனங்களுக்கு கேட்டுச்சு. அது ஒரு 24 வயசு பையன் செம ஃபார்ம்ல, கூட்டம் கத்தக் கத்த வாசிச்சது. இப்ப தைரியமா போட்டு கேளுங்க.

ஆரம்பிக்க 'ஸ்டடி இன் பிரவுன்', 1955. 'ஜாய் ஸ்பிரிங்' அதுல இல்ல, 'கிளிஃபர்ட் பிரவுன் அண்ட் மேக்ஸ் ரோச்' ஆல்பத்துல இருக்கு, அவரே எழுதினது, அதோட சோலோவ நாலஞ்சு தடவ கேட்டா நீங்களே முணுமுணுப்பீங்க, அவ்ளோ தெளிவா, அவசரமே இல்லாத மாதிரி, ஆனா வேகம் பயங்கரமா இருக்கும். 'வித் ஸ்ட்ரிங்ஸ்' ஆல்பத்த மெதுவா கேக்கற நேரத்துக்கு வச்சுக்கங்க. அப்புறம் பென்னி கோல்சன் அவருக்காக எழுதின 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்', அத 1957ல லீ மோர்கன் வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கு. அப்ப மோர்கனுக்கு வயசு 18. தன் வாத்தியாருக்கு வாசிக்கறாரு. வித்தை காட்ட ஒரு ஸ்வரம் கூட அதிகமா போடல.

அடிநாதம்

ரிச்சி பவல பத்தி ஒரு வரி சேத்துக்கங்க யாராவது. அந்த பேண்டுக்கு அரேஞ்ச்மென்ட் நிறைய எழுதினது அவர்தான், வயசு 24, எல்லாரும் பிரவுனோட சேத்து ஒரு பேரா மட்டும் சொல்லிட்டுப் போயிடறோம். அவரோட அண்ணன் பியானோகாரர் பட் பவல், 1949ல நவாரோவும் ராலின்ஸும் வாசிச்ச அந்த செஷனோட தலைவர். பட் பவலும் 41 வயசுல போனாரு.

ரெக்கார்டு_ரேக்

உண்மை. அந்த 1949 செஷன்ல ராலின்ஸுக்கு 18 வயசு, பக்கத்துல நவாரோ. அப்புறம் பிரவுன் பக்கத்துல. அதுக்கு நடுவுல சிகாகோவுல ஒய்எம்சிஏல தங்கியிருந்தப்ப கூட ரூம்ல இருந்த பையன் புக்கர் லிட்டில். மூணு பேரையும் பக்கத்துல இருந்து பாத்தவரு ராலின்ஸ்.

ட்ரம்பெட் பக்கம் இன்னொரு பேரும் வரணும். வுடி ஷா. 1963ல 18 வயசுல டால்ஃபியோட ரெக்கார்டிங்ல முதல்ல வாசிச்சாரு. அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்கு வான்னு டால்ஃபி கூப்பிட்டாரு, இவர் கிளம்பறதுக்குள்ள அவர் இறந்துட்டாரு, அப்படியும் பாரிஸ் போய் வாசிச்சாரு. கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போற பரம்பரை வியாதி, 1989ல நியூயார்க் சப்வேல அடிபட்டு கை போய் சில மாசத்துல 44 வயசுல இறந்தாரு. லிட்டில் ஆரம்பிச்சு விட்டுட்டுப் போன அந்த வேலைய அதுக்கப்புறம் ட்ரம்பெட்ல எடுத்துட்டுப் போனது இவர்தான்னு நான் நினைக்கறேன். 44ங்கறதால இந்த இழையில சேக்கலாமா, தனியா போடலாமா?

ராத்திரி_ட்ரம்பெட்

இங்கயே எழுதுங்க. 'ரோஸ்வுட்' ஆல்பத்துலேருந்து ஆரம்பிங்க, 1977 செஷன் விவரம் உங்ககிட்ட இருந்தா அதயும் போடுங்க.